நோ-கி ஜியு-ஜிட்சுவில் முதல் கார்டு: க்ளோஸ்ட் கார்டா, பட்டர்ஃப்ளையா, ஹாஃப் கார்டா?

ஜியு-ஜிட்சு, தரையில் கட்டிப்புரண்டு எதிராளியைச் சரணடைய வைக்கும் கலை. 'கி' என்ற தடித்த சீருடை இல்லாமல் அதை ஆடுவது நோ-கி. அந்த வகுப்பில் சேர்ந்து சில மாதம் ஆனதும் எல்லாருக்கும் ஒரு கேள்வி வரும். கீழே மாட்டிக்கொண்டால் எந்த கார்டை, அதாவது காலால் எதிராளியைத் தடுத்து ஆடும் எந்த நிலையை, நம்பி இருப்பது? நான் க்ளோஸ்ட் கார்டில் ஆரம்பித்தேன். அப்புறம் பட்டர்ஃப்ளையில் கொஞ்ச காலம் இருந்தேன். இப்போது எதிராளியின் ஒரு காலை மட்டும் நம் இரண்டு காலுக்கு நடுவில் பிடித்து ஆடும் ஹாஃப் கார்டில் நிலைத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் ஹாஃப் கார்டு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கி இல்லாவிட்டால் காலரும் ஸ்லீவும் இல்லை, ஸ்பைடர், லாஸ்ஸோ மாதிரி துணியை நம்பிய கார்டுகளும் இல்லை. வியர்த்த பிறகு மணிக்கட்டுப் பிடிகூட நிற்காது. பிடிக்கக் கிடைப்பது கழுத்து, அக்குள், முழங்கை, இடுப்பு, குதிகால் ஆகியவைதான். மூன்று கார்டுக்கும் இது பொதுவான நிலைமை.

க்ளோஸ்ட் கார்டில் எதிராளியின் இடுப்பைச் சுற்றி இரண்டு காலையும் பூட்டிவிடுகிறோம். பாதுகாப்பானது, புதிதாக வருபவருக்கும் உடனே புரியும். 1994-இல் யுஎஃப்சி 4 என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் இறுதியில் ராய்ஸ் கிரேசி தன்னைவிட மிகப் பெரியவரான டான் செவர்னைக் கீழே கிடந்தபடியே ட்ரையாங்கிளில் (கால்களால் கழுத்தை நெரிக்கும் பூட்டு) டேப் வாங்கியது, அதாவது தட்டிச் சரணடைய வைத்தது, இந்த வகை கார்டு ஆட்டம்தான். ஆனால் ராய்ஸ் அன்று கி அணிந்திருந்தார். கி இல்லாமல் எதிராளி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால் அவரைத் திரும்ப நம் நெஞ்சுக்கு இழுப்பது கடினம். தலையைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓவர்ஹூக் போட்டு, அதாவது அவர் கைக்கு மேலாக நம் கையைச் சுற்றி, அதைச் சிறைப்படுத்த வேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர் எடி பிராவோ இதற்குக் கண்ட வழி, தன் காலையே எதிராளியின் தோளுக்கு மேல் கொண்டுபோய்த் தன் கையாலேயே பிடித்துக்கொள்ளும் ரப்பர் கார்டு. நோ-கியின் பெரிய உலகப் போட்டியான ஏடிசிசியில் 2003-இல் ராய்லர் கிரேசியை அவர் ட்ரையாங்கிளில் முடித்ததை இந்த விளையாட்டில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு இடுப்பு நன்றாகத் திறக்க வேண்டும். இடுப்பு திறக்காதவர் வலுவில் இழுத்தால் சுமை முட்டிக்குப் போகும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு இதை முதல் கார்டாக நான் சொல்ல மாட்டேன்.

பட்டர்ஃப்ளை வேறு ரகம். நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் எதிராளியின் தொடைக்கு உள்பக்கம் கொக்கியாகப் போட்டு, ஒரு அண்டர்ஹூக் எடுத்து (அவர் அக்குளுக்குக் கீழே கையை நுழைத்து), பக்கவாட்டில் சாய்ந்து தூக்கிவிடுவது. துணிப் பிடியே தேவையில்லாததால் நோ-கிக்கென்றே செய்தது போல இருக்கும். மார்செலோ கார்சியாவைப் பார்த்தவர்களுக்கு இதன் அழகு தெரியும். 2003, 2005, 2007, 2011 என ஏடிசிசியில் நான்கு முறை தன் எடைப் பிரிவை வென்றவர். 2007-இல் எடை வரம்பில்லாத பிரிவிலும் இறுதி வரை போனார். பட்டர்ஃப்ளை, அதிலிருந்து எதிராளியின் காலில் நம் கால்களை எக்ஸ் வடிவில் மாட்டும் எக்ஸ் கார்டு, கையை இழுத்து முதுகுக்குப் போகும் ஆர்ம் ட்ராக் என்று அவர் ஆட்டம் முழுக்கத் துணி தேவைப்படாத பிடிகளால் ஆனது.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, எதிராளி மண்டியிட்டு நெருங்கி வந்தால்தான் தூக்க முடியும். நின்றபடி விலகி நிற்பவரிடம் உடனே எக்ஸ் கார்டுக்கோ ஒரு காலைப் பிடித்து வீழ்த்தும் சிங்கிள் லெக்குக்கோ மாறத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, பாடி லாக். எதிராளி நம் இடுப்பைச் சுற்றிக் கையைப் பூட்டி, தலையை நெஞ்சில் அழுத்தி, நம்மை மல்லாக்கத் தள்ளினால் கொக்கிகள் செத்துப்போகும். நோ-கியில் இன்று பரவலாக ஆடப்படும் பாஸ் (கார்டைத் தாண்டும் வழி) அது. அப்படித் தள்ளப்பட்டு ஒரு கொக்கி போனதும் நாம் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் ஹாஃப் கார்டுதான்.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு இங்கேதான் முடிவாகிறது. ஒரு கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது வேலை செய்கிற நாளை மட்டும் பார்க்கக் கூடாது, உடைந்தால் எங்கே போய் விழுவோம் என்று பார்க்க வேண்டும். புதியவரின் கார்டு உடைந்துகொண்டேதான் இருக்கும். க்ளோஸ்ட் கார்டு திறந்து, எதிராளி ஒரு முட்டியை நடுவில் போட்டு அறுத்துக்கொண்டு வந்தால் கடைசி நொடியில் அவருடைய ஒரு காலைப் பிடித்துக்கொள்கிறோம்: ஹாஃப் கார்டு. பட்டர்ஃப்ளை நசுங்கினாலும் அதே இடம். எதிராளி பக்கவாட்டில் நம்மேல் படுத்து அழுத்தும் சைடு கன்ட்ரோலிலிருந்து முட்டியை உள்ளே நுழைத்துத் தப்பித்தாலும், நம்மேல் ஏறி உட்காரும் மவுண்ட்டிலிருந்து முழங்கையும் முட்டியும் சேர்த்து வெளியே வந்தாலும், முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஹாஃப் கார்டுதான். எந்த வழியில் போனாலும் அங்கே நாம் நிறைய நேரம் கழிக்கப் போகிறோம். அதனால் அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு பயிற்சி மணியும் மற்ற எல்லா கார்டுக்கும் சேர்த்தே பயன்படுகிறது. பட்டர்ஃப்ளையில் செலவழித்த நேரம் பட்டர்ஃப்ளை கிடைக்கும்போது மட்டும்தான் பயன்படும்.

விதிகளும் இதற்கு ஒத்துவருகின்றன. ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) கணக்கில் கார்டைத் தாண்டி மூன்று நொடி நிலைத்தால் 3 புள்ளி. ஹாஃப் கார்டில் மேலே இருப்பது மட்டும் பாஸ் ஆகாது. கீழே இருப்பவர் அங்கிருந்து புரட்டினால் 2 புள்ளி. அதாவது ஒரு காலை விடாமல் வைத்திருக்கிறவரை நாம் இன்னும் தோற்கவில்லை.

ஒரு காலத்தில் இதைப் பாதி தோற்ற நிலை என்றுதான் நினைத்தார்கள். கார்லோஸ் கிரேசி ஜூனியரின் மாணவரான ராபர்ட்டோ 'கோர்டோ' கொர்ரேயா, முட்டியில் அடிபட்டு க்ளோஸ்ட் கார்டு ஆட முடியாமல் போனபோது, ஹாஃப் கார்டிலேயே கிடந்து அதைத் தாக்கும் நிலையாக மாற்றினார். அடிபட்ட உடம்போடும் ஆட முடிந்த கார்டு என்பதே எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை.

சரி, அங்கே என்ன செய்வது? முதல் விதி, மல்லாந்து கிடக்கக் கூடாது. ஒருபக்கமாகச் சாய்ந்து, மேல் முட்டியை எதிராளியின் நெஞ்சுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். இதுதான் நீ ஷீல்டு (knee shield), முட்டியாலான கேடயம். பட்டர்ஃப்ளையைக் கொல்லும் பாடி லாக் இங்கே எளிதில் பூட்டாது, நடுவில் நம் கணைக்கால் எலும்பு இருப்பதால் அவர் கைகள் இடுப்பைச் சுற்றி வந்து சேராது. இரண்டாவது, அண்டர்ஹூக். அவர் அக்குளுக்குக் கீழே கையை நுழைத்து, தலையை அவர் மார்போடு ஒட்டி, முழங்கையை ஊன்றி எழுந்தால் ஒன்று அவர் முதுகுக்குப் போகலாம், இல்லாவிட்டால் காலைப் பிடித்துக் கவிழ்க்கலாம். அண்டர்ஹூக்கை வியர்வை அவ்வளவு பாதிக்காது. அது விரலால் பிடிப்பதில்லை, கை முழுவதையும் மாட்டுவது.

குறைகளும் உண்டு. கிராஸ்ஃபேஸ் (முகத்தைக் கையால் அழுத்தித் திருப்புவது) வாங்கிக்கொண்டு, முகம் திரும்பி, மல்லாந்து நசுங்கிய ஹாஃப் கார்டு மிக மோசமான இடம். எடை கூடியவர் மேலே இருந்தால் மூச்சு விடுவதே வேலையாகிவிடும். அண்டர்ஹூக்குக்காகக் கையை அலட்சியமாக நீட்டினால் டார்ஸ் சோக் என்ற கழுத்து நெரிப்பு காத்திருக்கும். தூரத்திலிருந்தே நீ ஷீல்டைத் தள்ளிவிட்டுச் சுற்றி ஓடுபவரிடமும் இது திணறும்.

கால் பூட்டுகளை மையமாகக் கொண்ட கார்டுகளைப் பற்றி நான் அடக்கியே பேச வேண்டும், அதில் என் பழக்கம் குறைவு. 2019 ஏடிசிசியின் எடை வரம்பில்லாத பிரிவில் 77 கிலோ பிரிவுக்காரரான லாக்லன் கைல்ஸ் தன்னைவிட மிகப் பெரியவர்களை குதிகாலைப் பிடித்து முட்டியை முறுக்கும் ஹீல் ஹூக்கில் வரிசையாக டேப் வாங்கி வெண்கலம் வென்றார். சிறிய உடம்புக்காரருக்கு அதைவிட நல்ல வாதம் கிடையாது. ஆனால் ஹீல் ஹூக்கில் வலி தெரிவதற்குள் முட்டியின் தசைநார் போய்விடலாம். ஐபிஜேஜேஎஃப்பும் 2021-இலிருந்துதான், அதுவும் நோ-கியில் பிரவுன், பிளாக் பெல்ட் வயது வந்தோருக்கு மட்டும், அதை அனுமதிக்கிறது. முதல் வருடத்தில் தப்பிக்கும் வழியைக் கற்றுக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். நல்ல கால் பூட்டுப் பயிற்சியாளரிடம் வளர்ந்தவர் இதை மறுக்கலாம், அவரிடம் நியாயமும் இருக்கலாம்.

மல்யுத்தப் பின்னணியோடு வருபவருக்கு என் பரிந்துரை மாறும். அவருக்கு உட்கார்ந்து எழும் பட்டர்ஃப்ளைதான் இயல்பாக வரும். ஏடிசிசி விதியில் ஆடப் போகிறவரும் யோசிக்க வேண்டும். அங்கே புள்ளிகள் எண்ணப்படும் நேரத்தில் தானாகவே கார்டுக்கு உட்கார்ந்தால் ஒரு புள்ளி கழியும்.

ஹாஃப் கார்டை எடுப்பதாக முடிவு செய்தால், நல்ல நிலையிலிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டாம். நசுங்கிய நிலையிலிருந்தே தொடங்குங்கள். கூட்டாளி கிராஸ்ஃபேஸ் போட்டு முழு எடையையும் வைக்கட்டும். உங்கள் குறிக்கோள் புரட்டுவது அல்ல, நீ ஷீல்டை மீண்டும் நிறுத்துவது மட்டும். அது வந்துவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி கீழே போங்கள். அவர் தாண்டிவிட்டாலும் அப்படியே. இது ஓரளவு கைவந்த பிறகு, நீ ஷீல்டு முட்டியை உள்பக்கக் கொக்கியாக மாற்றும் ஹாஃப் பட்டர்ஃப்ளையைச் சேருங்கள். பட்டர்ஃப்ளையின் தூக்கும் வலு அதற்குள் அப்படியே இருக்கிறது, முதல் கார்டை விட்டுக்கொடுக்காமல் இரண்டாவதுக்குப் போக அது நல்ல வழி.