வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்துத் தரும் பங்குக் கோயில்: சேவை எப்படி?

முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்று, வெள்ளம் வடிந்ததும் வீட்டுக் கிணறுகளை இறைத்து ரி.சி.எல். (கிருமி கொல்லும் குளோரின் தூள்) போட்டுத் தருகிறது. 2018 டிசம்பர் போன்ற வெள்ளத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் வன்னியில் இதைவிட அவசரமான உதவி குறைவு. வேலை நன்றாகவே நடக்கிறது. ஒரே ஒரு பெரிய குறை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

கோயில் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ளாததுதான் இந்தச் சேவையின் பலம். மருந்தும் அளவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமிருந்து வருகின்றன. பம்புகளைக் கமக்காரர் அமைப்பு தருகிறது. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்ற பட்டியலை மாதர் சங்கமும் கிராம சேவகரும் போடுகிறார்கள். ஆள்பலம் அன்பிய (பங்கின் அயலவர் குழு) இளைஞர்கள். பட்டியலில் சமயம் பார்ப்பதில்லை. கைக்குழந்தை உள்ள வீடுகளும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் முன்னுக்கு வருகின்றன. மற்ற வீட்டுக்காரர் பெற்றோலுக்கு மட்டும் பொறுப்பு. (கோயிலும் வெளி அமைப்பும் சேர்ந்து நிற்பது வன்னிக்குப் புதிதல்ல. 1990இல் மடுவில் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. அகதிகள் அமைப்பின் திறந்த நிவாரண நிலையம் இயங்கியது கோயில் வளவை ஒட்டித்தான்.)

வேலை நுட்பத்துக்கு வருவோம். மழை விட்ட மறுநாளே முழு வேகத்தில் இறைத்தால், நனைந்து பாரமேறிய மண் வெறுங்கிணற்றை நெருக்கிச் சுவரைத் தள்ளிவிடும். இவர்கள் வெளி நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருந்து மெதுவாக இறைக்கிறார்கள். கரையோரக் கிணற்றை அடி தெரிய இறைப்பதும் இல்லை. நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் படித்த பாடம் இது.

உறிஞ்சும் பம்ப் 25 அடிக்கு மேல் இழுக்காது என்பதால், ஆழக் கிணறுகளில் சிலர் பெற்றோல் மெசினையே உள்ளே இறக்கிவிடுகிறார்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். இங்கே அது கண்டிப்பாகத் தடை. ஆழக் கிணற்றுக்கு மின் நீர்மூழ்கிப் பம்ப் வருகிறது, அது ஓடும்போது உள்ளே ஆள் இறங்குவதில்லை. சுவர் தேய்க்க இறங்குபவருக்கு இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். சேற்றில் போர்க்கால வெடிபொருளோ என்று சந்தேகப்படும் இரும்பு தட்டுப்பட்டால் கை வைக்காமல் வெளியேறிப் பொலிசுக்கு அறிவிக்கிறார்கள். எங்கள் மண்ணில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மருந்தின் அளவைக் கண்மட்டத்தில் போடுவதில்லை. கிணற்றின் குறுக்களவை மீற்றரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.8ஆலும் பெருக்கினால் தண்ணீரின் அளவு கன மீற்றரில் வரும். 3 மீற்றர் அகலத்தில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 14.4 கன மீற்றர். கன மீற்றருக்கு 50 கிராம் குளோரின் என்றால், 30 வீதம் குளோரின் உள்ள தூளில் 2.4 கிலோ வேண்டும். தூளை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்குகிறார்கள். 12 முதல் 24 மணி நேரம் யாரும் தொடக்கூடாது. பிறகு மணம் போகும்வரை இறைக்க வேண்டும். மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வந்தபின்தான் பாவனை. தண்ணீர் கலங்கலாக இருந்தால் சேறே குளோரினைத் தின்றுவிடும், ஆகவே தெளியுமுன் போட்டுப் பயனில்லை. பை பிரித்து வெக்கையில் கிடந்த தூளும் வீரியம் இழந்திருக்கும். அவர்களுடைய களஞ்சியத்தில் பாதி பிரிந்த பைகள் கட்டப்படாமல் கிடப்பதைத் திருத்த வேண்டும்.

இனி அந்தப் பெரிய குறை. ஒருமுறை போட்டுவிட்டுப் போனால் திரும்பி வருவதில்லை. குளோரின் சில நாளில் போய்விடும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 20 அடி தூரத்தில் இருக்கும் வளவில் கிருமி மறுபடி ஊறிவரும். கிழமை இரண்டு கழித்துத் தண்ணீர் மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் வேலை முடிந்ததென்று சொல்லலாம். மாதிரிக்குக் குளோரினை முறிக்கும் மருந்து போட்ட கிருமியற்ற போத்தல் வேண்டும், ஐஸ்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேரவேண்டும். சுகாதாரப் பணிமனையுடன் ஏற்கெனவே உறவு இருக்கும்போது இதையும் கேட்டுச் சேர்ப்பது பெரிய காரியமல்ல. அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். உப்பையும் கயர்ப்பையும் குளோரின் போக்காது, அதை எதிர்பார்த்து அழைக்காதீர்கள்.

பெயர் கொடுப்பவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் மூப்பரிடமோ மாதர் சங்கத்திலோ சொல்லலாம். கிணற்றின் குறுக்களவு, நீரின் ஆழம், மலசலகூடக் குழிக்கு உள்ள தூரம் மூன்றையும் அளந்து எழுதிக் கொண்டுபோனால் மருந்தும் பம்பும் முதல் தடவையே சரியாக வந்துசேரும்.