ஹாட் ரோலரா, பின் கர்லா, கர்லிங் அயர்னா? 1940களின் அலைமுடியை வீட்டில் அமைப்பதற்கான ஓர் ஒப்பீடு

ரிட்டா ஹேவொர்த், வெரோனிகா லேக் முதலிய ஹாலிவுட் நடிகையரின் 1940களின் புகைப்படங்களைப் பார்த்து, அந்தத் தோள்வரை புரளும் அலைமுடியைத் தாமும் அமைத்துக்கொள்ள விரும்புவோர் பலர் முதலில் வாங்குவது ஹாட் ரோலர் பெட்டியைத்தான். காலக் கணக்கில் அது பொருந்தாத கருவி. மின்சாரத்தில் சூடேறும் ரோலர்கள் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது 1960களில். டென்மார்க்கின் கார்மென் கர்லர்ஸ் நிறுவனம் அவற்றைப் புகழ்பெறச் செய்தது, அமெரிக்காவில் கிளேரால் நிறுவனம் ‘கைண்ட்னஸ்’ என்ற பெயரில் விற்றது. 1940களின் பெண்கள் ஈரமான முடியைச் சிறு சிறு வளையங்களாகச் சுருட்டி, ஒவ்வொன்றையும் முடி ஊசியால் (pin) குத்தி, மேலே துணியைக் கட்டிக்கொண்டு உறங்கி, காலையில் பிரித்து பிரஷ் செய்தார்கள்; இதுவே பின் கர்ல். இருந்தும், இன்றைய வீட்டுக்கும் இன்றைய காலை நேரத்துக்கும் பொருத்தமான கருவி ஹாட் ரோலரே என்பது என் முடிவு. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: ரோலர் தலையிலேயே முழுவதும் ஆற வேண்டும், பிரித்த பிறகு பயப்படாமல் பிரஷ் செய்ய வேண்டும்.

இந்த முடிவுக்கான காரணம் முடியின் இயல்பிலேயே இருக்கிறது. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டாலும் வெப்பம் பட்டாலும் தளர்ந்துவிடும். முடி காயும்போதோ ஆறும்போதோ, அந்த நேரத்தில் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே அவை மீண்டும் பிணைந்துகொள்ளும். வலுவான டைசல்பைடு பிணைப்புகளை இந்த முறைகள் எதுவும் தொடுவதில்லை. அவற்றை மாற்ற வேண்டுமானால் ரசாயனம் கொண்டு பெர்மிங் செய்ய வேண்டும். ஆகவே வீட்டில் அமைக்கும் எந்தச் சுருளும் தற்காலிகமானதுதான். தலைக்குக் குளித்தால் போய்விடும், காற்றில் ஈரம் மிகுந்தால் தளரும். ஆனால் சூடேற்றும் நேரத்தைவிட ஆறும் நேரமே சுருளின் ஆயுளை முடிவு செய்கிறது என்ற உண்மையைப் புரிந்துகொண்டால், மூன்று வழிகளையும் ஒப்பிடுவது எளிதாகிவிடும்.

கர்லிங் அயர்னில் இருந்து தொடங்குவோம், ஏனெனில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருப்பது அதுதான். சூட்டுக் கம்பியால் அலை அமைப்பது புதிதன்று. பாரிஸில் மார்செல் கிராட்டோ 1870களிலேயே சூடான இடுக்கியைக் கொண்டு அலைகளை அமைத்துப் பெயர் பெற்றார். இன்றைய மின் கம்பிகள் பொதுவாக 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுபவை. முடிக்கற்றையைச் சுற்றிச் சில நொடிகள் வைத்து விடுவிக்கும்போது, அது இன்னும் சூடாகவே இருக்கிறது. தன் எடையாலேயே கீழே இழுபட்டு, நீண்ட வடிவத்திலேயே ஆறுகிறது. கனமான, நேரான முடியில் காலையில் போட்ட சுருள் மதியத்துக்குள் வெறும் நுனி வளைவாகக் குறைந்துவிடுவது இதனால்தான். இதைத் தவிர்க்க ஒப்பனைக் கலைஞர்கள் ஒவ்வொரு சுருளையும் கம்பியிலிருந்து எடுத்த கையோடு மீண்டும் வளையமாக்கி, கிளிப் போட்டு, ஆறும்வரை விடுகிறார்கள். விருது விழாக்களில் இன்று காணும் கண்ணாடி போன்ற ‘ஹாலிவுட் அலை’ பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. வரிசை பிசகாத அலை வேண்டுமென்றால் இதைவிட நேர்த்தியான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தன் பின்னந்தலையில் தானே, கண்ணாடியைப் பார்த்தபடி, சுடும் கம்பியோடு ஒவ்வொரு கற்றையாக இதைச் செய்வது கைவலியும் காயமும் நிறைந்த வேலை. ஈரம் மிச்சமிருக்கும் முடியில் கம்பியை வைத்தால், உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி முடித்தண்டுக்குள் குமிழ்களை உண்டாக்கி, முடியை அந்த இடத்திலேயே முறிய வைக்கும் என்பதையும் மறக்கலாகாது.

பின் கர்ல் இதற்கு நேர் எதிர்த் துருவம். வெப்பமே இல்லை, சேதமும் இல்லை. ஓர் அங்குலச் சதுர அளவில் முடியைப் பிரித்து, நுனியிலிருந்து வேர்வரை தட்டையான வளையமாகச் சுருட்டி, இரண்டு ஊசிகளைக் குறுக்காகக் குத்த வேண்டும். வளையம் தலையோடு படிந்திருந்தால் அலை கிடைக்கும். நிமிர்ந்து நின்றால் வேரிலிருந்தே எழுச்சி கிடைக்கும். ஒரு வரிசையை வலப்புறமாகவும் அடுத்த வரிசையை இடப்புறமாகவும் சுருட்டினால், பிரஷ் செய்யும்போது இரண்டும் கூடி ஆழமான அலையாக மாறும். ரோலரில் சுற்றவே முடியாத குட்டையான முடியையும், காதோர முடியையும், பிடரி முடியையும் பின் கர்ல் பிடித்துக்கொள்ளும். காலத்துக்கு உண்மையான தோற்றம் என்றால் அது இதுவே. அன்று இது பணக்காரர்களின் ஆடம்பரமாகவும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உலோகத் தட்டுப்பாட்டால் ஊசிகளே அரிதாகிப்போன நாட்களிலும் பெண்கள் இருந்த ஊசிகளைப் பத்திரப்படுத்திக்கொண்டு இதைச் செய்துவந்தார்கள்.

அதன் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: உலரும் நேரம். வளையத்தின் மையம் நுனியளவு ஈரமாக இருந்தாலும் அந்தச் சுருள் பிரித்த உடனே சரிந்துவிடும். அடர்த்தியான முடி கொண்டவர்களுக்கும், சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடற்கரை ஊர்களில் வாழ்பவர்களுக்கும் ஓர் இரவு போதாமல் போவது இயல்பு. முடியை முதலில் பெருமளவு உலரவிட்டு, செட்டிங் லோஷனை (சுருள் நிலைக்க உதவும் திரவத்தை) மட்டும் தெளித்து ஈரமாக்கிச் சுருட்டினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். முடியை நனைய நனையச் சுருட்டுவதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

ஸ்பாஞ்ச் ரோலர் பின் கர்லின் எளிய வடிவம். உறங்கவும் ஓரளவு முடியும், ஆனால் அதன் பிளாஸ்டிக் பட்டை முடியில் மடிப்புத் தடம் பதித்துவிடும், அலையும் 1940களைவிட 1950களின் உப்பலான தோற்றத்தையே தரும். வெல்க்ரோ ரோலர் முடியை உயர்த்தும், வடிவத்தை நிலைநிறுத்தாது. இந்த இரண்டையும் இதற்கு மேல் பேசத் தேவையில்லை.

இனி ஹாட் ரோலர். இதன் வெப்பம் கர்லிங் அயர்னின் வெப்பத்தைவிட மிகவும் குறைவு. ஆனால் முடியோடு இருக்கும் நேரம் அதிகம். சூடாகச் சுற்றப்பட்ட கற்றை, சுற்றிய நிலையிலேயே, இழுபடாமல், ரோலரோடு சேர்ந்து மெல்ல ஆறுகிறது. கர்லிங் அயர்ன் பயனர் கிளிப் போட்டுச் சிரமப்பட்டு அடைவதை ரோலர் தானாகவே செய்துவிடுகிறது; இருபது ரோலர்களையும் போட்டு முடித்ததும் கைகள் விடுதலை பெறுகின்றன, சேலை கட்டலாம், முகப்பூச்சு முடிக்கலாம், காபி குடிக்கலாம். ரோலரைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது பிரிப்பவர்கள்தான் ‘எனக்கு ரோலர் நிற்பதில்லை’ என்று குறைப்பட்டுக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

ரோலர்களுக்குள்ளும் பேதம் உண்டு. பழைய வகைகளில் உள்ளே மெழுகு இருக்கும். சூடேறும்போது மெழுகு உருகும். தலையில் வைத்த பிறகு அது மறுபடி உறையும்போது வெப்பத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும். ஆகவே சூடாக நேரம் எடுத்தாலும் சூடு நீடிக்கும், கனமான முடியின் நடுப்பகுதிவரை அது ஊடுருவும். செராமிக் பூசிய இன்றைய ரோலர்கள் விரைவில் சூடாகி விரைவில் ஆறும். மெல்லிய முடிக்கு அவை போதும், ஆனால் தடித்த முடி உள்ளவர்களுக்கு மெழுகு உள்ளீடு கொண்டவற்றையே பரிந்துரைப்பேன். மேற்பரப்பு வெல்வெட் போல இருந்தால் முடி வழுக்காது, சிக்காது. முள் முளைத்த மேற்பரப்பு பிடியைத் தரும் ஆனால் பிரிக்கும்போது இழுக்கும். கிளிப்பா, கொண்டை ஊசி போன்ற வளைந்த கம்பியா என்று கேட்டால் கம்பியே மேல். அகன்ற பிளாஸ்டிக் கிளிப்புகள் வேரருகே தடம் பதிக்கும். சிறு குறிப்பு ஒன்று: அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் ரோலர் பெட்டிகளில் பெரும்பாலானவை 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியவை. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட் மின்சாரத்தில் வெறும் பிளக் மாற்றியை மாட்டிச் செருகினால் பெட்டி எரிந்துபோகும். அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்த பிறகே செருக வேண்டும்.

அளவைத் தேர்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இறுதியில் எந்த அளவு சுருள் வேண்டுமோ அதே அளவு ரோலரை எடுக்கிறார்கள். பிரஷ் செய்ததும் சுருள் விரிந்து பெரிதாகும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. 1940களின் அலைக்கு முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரையிலான சிறிய ரோலர்களே உகந்தவை. நெற்றிக்கு மேல் உச்சியில் மட்டும் ஒன்றரை அங்குல ரோலர்களைப் பயன்படுத்தலாம். பெட்டிகளில் பெரிய ரோலர்களே அதிகம் வருவதால், சிறியவற்றைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சுற்றும் முறையை அருகிலிருந்து பார்ப்போம். வகிட்டை முதலில் பிரித்துவிட்டு, உச்சியிலிருந்து ரோலரின் அகலத்தை மீறாத கற்றையை வால் சீப்பால் எடுத்து, செட்டிங் லோஷனை லேசாகத் தெளித்து, முடி முழுவதும் உலர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, தலையிலிருந்து செங்குத்தாக உயர்த்திப் பிடிக்க வேண்டும். நுனிகள் ரோலரின் மேல் விரிந்து படிய வேண்டும். ஒரு நுனி மடிந்தாலும் அது காய்ந்த துடைப்பக்குச்சி போல நீட்டிக்கொண்டு நிற்கும், பிறகு எவ்வளவு பிரஷ் செய்தாலும் அடங்காது. சீப்பின் வாலால் அவற்றை ரோலரின் கீழ் செருகிவிட்டு, இறுக்கம் தளராமல் வேர்வரை உருட்டி, கற்றை எழுந்த இடத்திலேயே ரோலரை உட்கார வைத்தால் எழுச்சி கிடைக்கும். சற்றுக் கீழே இறக்கி வைத்தால் படிவு கிடைக்கும். வகிட்டின் இருபுறத்திலும் முகத்தை விட்டு விலகும் திசையில் உருட்டுவதும், பிடரியில் எல்லாவற்றையும் கீழ்நோக்கி உள்ளே சுருட்டுவதும் அக்காலத் தோற்றத்துக்கு அடிப்படை. காதோரத்திலும் கழுத்தோரத்திலும் ரோலருக்கு எட்டாத முடியைச் சுருட்டிப் பின் கர்லாகவே குத்திவிடலாம். என் கணிப்பில் இரண்டு முறைகளும் இப்படிக் கலக்கும்போதுதான் முடிவு சிறக்கிறது.

நீள முடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1940களின் இந்த அலைகள் தோள்வரை நீண்ட, அடுக்கடுக்காக வெட்டிய முடிக்கென்றே உருவானவை; அடுக்குகள் இருந்தால்தான் ஒரு சுருள் மற்றொன்றின் மேல் அமர்ந்து அலையாகும். இடுப்புவரை நீண்ட, ஒரே நீளமாக வெட்டிய முடிக்கு எந்தக் கருவியும் இந்தத் தோற்றத்தைத் தராது. எடை சுருளை இழுத்துவிடும். நீளத்தை இழக்க விரும்பாதவர்கள் முடியின் கீழ்ப்பாதியை உள்ளே மடித்துக் குத்தி, தோள்வரை இருப்பது போலக் காட்டி, முன்பக்கத்தை மட்டும் ரோலரில் அமைக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவிய முடி எந்தச் சுருளையும் ஏற்காது. முந்தைய நாள் தலைக்குக் குளித்திருக்க வேண்டும். அன்றே குளித்த முடி அதிகம் வழுக்கும்.

பிரஷ் செய்யும் கட்டம்தான் மூன்று முறைகளுக்கும் பொதுவான சோதனை. ரோலர்களை எடுத்ததும் தலை முழுவதும் தனித்தனி உருளைகளாகத் தொங்கும். அதை விரலால் கலைத்துவிட்டு நிறுத்தினால் அது இன்றைய தளர்ந்த சுருள், 1940கள் அல்ல. பன்றி மயிர் பிரஷ்ஷை எடுத்து வேரிலிருந்து நுனிவரை முழுமையாக, உருளைகள் ஒன்றோடொன்று கலக்கும்வரை வாருங்கள். முதலில் முடி பஞ்சுபோல் உப்பி, எல்லாம் கெட்டுவிட்டது போலத் தோன்றும். நிறுத்தாமல் தொடர்ந்தால் பக்கத்துப் பக்கத்துச் சுருள்கள் ஒரே திசையில் விழத் தொடங்கி, கன்னத்தருகே முதல் வளைவு தெரியும். அந்த வளைவின் பள்ளத்தில் நீண்ட கிளிப் ஒன்றை வைத்து, முகட்டைக் கையால் சற்று மேலே தள்ளி, ஹேர்ஸ்ப்ரே தெளித்து ஆறவிட்டால் அலை ஆழமாகும். உள்ளங்கையில் பட்டாணியளவு பொமேட் (முடியைப் படிய வைக்கும் பசை) தேய்த்து மேற்பரப்பில் தடவினால் பறக்கும் மயிர்கள் அடங்கிப் பளபளப்பு வரும். இந்த முழுமையான பிரஷ்ஷைக் கர்லிங் அயர்ன் சுருள், கிளிப் போட்டு ஆறவிடாத பட்சத்தில், தாங்குவதில்லை. ஹாட் ரோலர் நன்றாகத் தாங்கும். பின் கர்ல் எவ்வளவு வாரினாலும் மீண்டும் தன் இடத்துக்கு வந்துவிடும்.

வெரோனிகா லேக்கின் ஒரு கண்ணை மறைக்கும் அலையைச் செய்ய விரும்புவோர் கவனிக்க: அது நீளமும் தளர்வும் கொண்ட அலை என்பதால் உச்சியில் ரோலர்களைத் தவிர்த்து, கண்ணுக்கு நேர்கீழிருந்து மட்டும் சுற்ற வேண்டும். போர்க்காலத் தொழிற்சாலைகளில் அத்தகைய முடி இயந்திரங்களில் சிக்கும் அபாயம் இருந்ததால், அமெரிக்க அரசின் வேண்டுகோளுக்கு இணங்கி 1943இல் அவரே அந்த அலங்காரத்தை மாற்றிக்கொண்டார். அன்றைய உழைக்கும் பெண்களின் தலையில் இருந்தது ஏற்றிச் சுருட்டிக் குத்திய விக்டரி ரோல். அதற்கு அடித்தளமாக முன்முடியில் நான்கைந்து ஹாட் ரோலர்கள் போட்டாலே போதும், கர்லிங் அயர்னும் அங்கு ரோலருக்குச் சமமாகவே வேலை செய்யும்.

எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பின் கர்ல் சரியாக உலர்ந்திருந்தால், இரவில் பட்டுத் துணியால் கட்டிக்கொண்டு, மூன்றாம் நாள்கூட நல்ல தோற்றத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் அலை சற்றே விரிந்து இன்னும் அழகாகும். ஹாட் ரோலர் அலை மறுநாள் வரை நிற்கும், அன்று காலை முன்பக்கத்தில் மட்டும் நான்கு ரோலர்களைப் புதுப்பித்தால் இன்னொரு நாளும் கிடைக்கும். கர்லிங் அயர்ன் அலைக்கு அன்றைய மாலைதான் எல்லை. ஆகவே திருமண வரவேற்புக்கு இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கும் ஒருவருக்கு ஹாட் ரோலரையும், ஞாயிறு இரவில் அமைத்து வாரத்தின் பாதிவரை வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவருக்குப் பின் கர்லையும், உதவிக்கு இன்னொரு கை இருக்கும் ஒருவருக்கு மட்டும் கர்லிங் அயர்னையும் சொல்வேன். மழைக்காலத்தில், எந்த முறையானாலும், வெளியே புறப்படுவதற்குச் சற்று முன்புவரை சுருளைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.