மூன்று வருடம் முகத்தில் ஊசி, ஒரு நாளும் மருந்துக் குப்பியைக் காட்டவில்லை

முகச் சுருக்கத்தைக் குறைக்கும் போடாக்ஸ் ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொள்கிறவர்களும், போடலாமா என்று யோசிக்கிறவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். சென்னையில் ஒரு க்ளினிக்கில் எனக்கு நடந்தது. வழக்கு நடக்கிறது, அதனால் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை.

நான் பரதநாட்டிய ஆசிரியை, வயது 49. புருவங்களுக்கு நடுவே இரண்டு ஆழமான கோடுகள் இருந்தன. மேடை மேக்கப் அந்தக் கோட்டில் போய்த் தங்கும். வீடியோவில் எப்போதும் கோபமாக இருப்பதுபோல் தெரியும். 2019இல் முதல் இரண்டு முறை ஊசி போட்டவர் தோல் மருத்துவர். ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சுதான் இந்த மருந்து என்றும், தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்பின் செய்தியை அது தடுக்கிறது என்றும், மூன்று நான்கு மாதத்தில் வேகம் குறைந்துவிடும் என்றும் பொறுமையாகச் சொன்னார். குப்பியை என் கண்முன்னே திறந்தார். ஐந்து இடத்தில் நாலு நாலு யூனிட் (இந்த மருந்தை அளக்கும் அளவு), மொத்தம் 20. நன்றாகவே இருந்தது.

ஊரடங்கு முடிந்து 2021இல் மறுபடி போனபோது அந்த டாக்டர் இல்லை. பெயர்ப்பலகையில் மட்டும் அவர் பெயர் இருந்தது. வேறொரு பெண்ணை எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே நம்பினேன். அவர் படித்தது சில வார அழகுக்கலைப் பயிற்சிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. நெற்றி, கண் ஓரம் எல்லாம் சேர்த்து வருடப் பேக்கேஜ் 48,000 ரூபாய், முன்பணமாக. அப்புறம் ஊசி எப்போதும் உள்ளறையில் நிரப்பி, ட்ரேயில் வைத்தே வரும்.

நான்கு மாதம் நின்றது இரண்டு மாதமாகக் குறைந்தது. கேட்டால், "உங்க பாடிக்குப் பழகிடுச்சு மேடம், டோஸ் கூட்டணும்" என்றார்கள். எட்டு வாரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுப் போட்டார்கள். புருவக் கோட்டுக்கு மூன்று மாதத்துக்குள் மறுபடி போடக் கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அடிக்கடி போட்டால் உடம்பு இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யப் பழகிவிடும் ஆபத்தும் உண்டு. அல்லது மருந்தைக் கரைக்கும் உப்புநீரை அதிகம் சேர்த்திருக்கலாம். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி கலக்க வேண்டிய இடத்தில் 5 மில்லி கலந்தால், அதே சிரிஞ்சில் வருவது பாதி மருந்துதான். நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

மார்கழிக்கு முன் கொஞ்சம் நிறுத்தலாம் என்று ஒருமுறை சொன்னேன். "நிறுத்தினா ரெண்டு மடங்கு சுருங்கிடும் மேடம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் இரண்டு வருடம் போனேன். அது பொய். நிறுத்தினால் முகம் மெல்ல பழைய நிலைக்கு வரும், இடையில் கூடிய வயது தெரியும். அவ்வளவுதான்.

இதற்கிடையே வகுப்பில் நவரசம் சொல்லிக் கொடுக்கும்போது ரௌத்திரம் பிடித்துக் காட்டினேன். பத்து வயதுக் குழந்தை, "டீச்சர், இதுவும் சாந்தமா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். அன்று இரவு கண்ணாடி முன் நின்று புருவத்தை ஏற்றிப் பார்த்தேன். ஏறவில்லை. வருடக்கணக்கில் வேலை இல்லாத தசை மெலிந்துபோகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் கடைசியாகப் போட்ட ஊசிக்கு ஐந்தாம் நாள், இடது கண் இமை தொங்கியது. பாதிக் கண் மூடிவிட்டது. க்ளினிக்கில் "ஐஸ் வையுங்க, சரியாயிடும்" என்று போனை வைத்துவிட்டார்கள். கண் மருத்துவரிடம் ஓடினேன். மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவியிருக்கிறது என்றார். அவர் கேட்ட கேள்விகள்: எந்த கம்பெனி மருந்து? எத்தனை யூனிட்? பேட்ச் எண் என்ன? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பில்லில் "ஸ்கின் பேக்கேஜ்" என்று மட்டும் இருந்தது. ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் யூனிட்டும் ஒன்றல்ல என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாற்று மருந்து கிடையாது. சொட்டு மருந்து கொஞ்சம் உதவியது, மற்றபடி காத்திருப்பதுதான். ஏழு வாரம் ஆனது. அதற்கு நடுவில் என் மாணவியின் அரங்கேற்றம். ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து நட்டுவாங்கம் செய்தேன்.

எனக்கு இமையோடு போனது. விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்று ஏதாவது வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அதே 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 22 பேருக்கு இப்படிப் பாதிப்பு வந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. போலி மருந்து, பயிற்சி இல்லாத கை, வீட்டிலும் ஸ்பாவிலும் போட்ட ஊசி.

மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாறுகண்ணுக்கு அமெரிக்காவில் 1989லிருந்தே அங்கீகாரம் பெற்ற மருந்து அது. ஆனால் குப்பியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதியைப் போட்டோ எடுங்கள். போட்ட யூனிட்டையும் இடத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஊசி போடுகிறவரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேஸ் ஷீட், அதாவது எனக்குச் செய்த சிகிச்சையின் குறிப்புகளைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு தாள் தந்தார்கள், அதில் 2021லேயே போய்விட்ட டாக்டரின் கையெழுத்து. அந்தத் தாளை வைத்துத்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பழைய பில்லையும் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள்.

ஊசி நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நெற்றிக் கோடுகள் திரும்பிவிட்டன. இடது புருவம் இன்னும் வலதைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறுகிறது.