பிளாரன்ஸ்–பீசா ரயிலில் 106 யூரோ பறிபோனது: இடைத்தரகுத் தளங்களில் சீட்டு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த செவ்வாய்க்கிழமை, இத்தாலியின் பிளாரன்ஸிலிருந்து பீசாவுக்கும் அங்கிருந்து லூக்காவுக்கும் சென்று, இரவுக்குள் பிளாரன்ஸுக்கே திரும்பிவிடும் ஒருநாள் ரயில் பயணத்தில் 106 யூரோவை இழந்தேன். நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். என் கைப்பையை யாரும் பிடுங்கவில்லை, எந்த ஜேப்படிக்காரனும் என்னை நெருங்கவில்லை. விடுதிக் கட்டிலில் சாய்ந்தபடி நானே கைப்பேசியை அழுத்திக் கொடுத்த பணம் அது. இன்று வெள்ளிக்கிழமை, இன்னும் கோபம் ஆறவில்லை. நடந்ததை முதலில் எழுதிவிட்டு, என்ன செய்திருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

தனியாகப் பயணம் செய்பவள், கையிருப்பும் அளவானது என்பதால் அதிவேக ரயில்களை ஒதுக்கிவிட்டு, ‘ரெஜியோனாலே’ எனப்படும் வட்டார ரயில்களில் மட்டுமே போவதென்று முடிவு செய்திருந்தேன். பிளாரன்ஸின் சாந்தா மரியா நோவெல்லா நிலையத்திலிருந்து பீசாவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். பீசாவிலிருந்து லூக்காவுக்கு அரை மணி நேரம். திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்து நிலையத்து இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் மொத்தம் 25 யூரோவைத் தாண்டாது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

முந்தைய நாள் இரவு, நிலையத்துக்கு நடந்துபோகச் சோம்பல்பட்டு இணையத்தில் தேடினேன். முதலில் வந்த முடிவைத் தொட்டேன். அதன் தலையில் சிறிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருந்ததை இப்போதுதான் கவனிக்கிறேன். அது ரயில் நிறுவனத்தின் தளமன்று; பல நாடுகளின் ரயில், பேருந்துச் சீட்டுகளை ஒரே இடத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் இடைத்தரகுத் தளம். வங்கியில் என் முறையீடு நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. என் மூன்று பயணங்களையும் ஒன்றாகச் சேர்த்து, ‘ஒருநாள் சுற்று’ என்று தலைப்பிட்டு, 46 யூரோ என்று காட்டியது. அதன்கீழே, ‘இந்த விலையில் இன்னும் 3 இருக்கைகளே உள்ளன’ என்று சிவப்பில் மினுங்கிக்கொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தாலியின் வட்டார ரயில்களுக்குக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது; ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் வண்டி புறப்பட ஐந்து நிமிடம் இருக்கையில் வாங்கினாலும் ஒரே விலைதான். இருக்கை எண்ணும் கிடையாது, ஏறியவர் காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்வார். எண்ணே இல்லாத இருக்கைகளில் மூன்று மட்டும் எப்படி மிச்சமிருக்கும்? முன்கூட்டி எடுத்தால் மலிவு, தாமதித்தால் விலை ஏறும் என்ற கணக்கெல்லாம் அதிவேக ரயில்களுக்குரியது. இரண்டையும் நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டேன், அந்தக் குழப்பத்தின்மீது அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முன்பு இத்தாலிக்குப் போய்வந்த தோழி ஒருத்தி, காகிதச் சீட்டை நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்தாமல் ஏறினால் அபராதம் விழும் என்று பலமுறை எச்சரித்திருந்தாள். அதை நினைவில் வைத்து, பணம் கட்டுவதற்கு முன்பு அந்தத் தளத்தின் உரையாடல் பெட்டியில், “சீட்டு எப்போது வரும்? முத்திரை ஏதும் குத்த வேண்டுமா?” என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: “கவலை வேண்டாம், பணம் செலுத்தியதும் மின்னஞ்சலில் ஆவணம் வரும், அதில் உள்ள கியூஆர் குறியைப் பரிசோதகரிடம் காட்டினால் போதும், நீங்கள் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.” கேட்ட கேள்விக்கு நேரான, மரியாதையான பதில். அந்த ஒரு பதிலுக்காகத்தான் 46 யூரோவைக் கட்டினேன். பெட்டியை மூடியதும் உரையாடல் முழுவதும் அழிந்துவிட்டது; அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுநாள் காலை ரயிலில் கூட்டம் அதிகமில்லை. எம்போலியைத் தாண்டிய பிறகு பரிசோதகர் வந்தார். நான் மிகுந்த நம்பிக்கையோடு கைப்பேசியை நீட்டினேன். அவருடைய கருவி குறியைப் படித்துவிட்டு மறுத்தது. இரண்டாம் முறையும் மறுத்தது. அவர் என் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத மூன்றாம் பக்கத்துக்குப் போய், அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ‘இது முன்பதிவுக் கோரிக்கையின் இரசீது, பயண ஆவணமன்று. சீட்டு 24 மணி நேரத்துக்குள் வழங்கப்படும்.’ அந்தக் கியூஆர் குறி எங்கே போகிறது தெரியுமா? அந்தத் தளத்தின் முகப்புப் பக்கத்துக்கு.

சீட்டே வாங்காமல் ஏறியவளாகிவிட்டேன். நேற்றிரவு என்னிடம் இப்படிச் சொன்னார்களே என்று காட்ட உரையாடலைத் தேடினால் வெற்றுப்பெட்டிதான் திறந்தது. பரிசோதகர் குரலை உயர்த்தவில்லை. எந்தத் தளம் என்று மட்டும் கேட்டுவிட்டு, இது புதிதில்லை என்பதுபோலத் தலையாட்டினார். ‘முல்தா’ என்றார். அபராதம் என்று பொருள். பயணக் கட்டணத்தோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 60 யூரோ, உடனே கட்டாவிட்டால் தொகை பெருகும் என்று கையசைவாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் விளக்கினார். அட்டையை நீட்டினேன். எதிரே இருந்த பெரியவர் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். அது எனக்காகச் செய்த உபகாரம் என்றே எடுத்துக்கொள்கிறேன். 46-உம் 60-உம் 106 யூரோ. பீசாவில் 20 யூரோ கொடுத்துக் கோபுரத்தில் ஏறும் ஆசையைக் கீழே நின்றபடியே முடித்துக்கொண்டேன். கடலைமாவைக் கரைத்துத் தட்டில் சுட்டெடுக்கும் ‘செச்சீனா’ ஒரு துண்டுதான் மதிய உணவு. லூக்காவுக்கும் பிளாரன்ஸுக்கும் சீட்டுகளை இயந்திரத்தில் மறுபடி எடுத்தேன். லூக்காவின் கோட்டைமதில்மேல் நாலு கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம், கட்டணமும் இல்லை. நடந்தேன், ஆனால் நடந்த நேரமெல்லாம் மனம் அந்த மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது.

இனி அவர்கள் கைகழுவிய விதம். பீசாவிலிருந்தே உரையாடல் பெட்டியில் எழுதினேன். முந்தைய இரவு மனிதரைப்போல் பேசியது, இப்போது ‘உங்கள் கேள்வியை நான்கு வகைகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவும்’ என்றது. என் குறை அந்த நான்கிலும் இல்லை. தொலைபேசி எண்ணில் இருபது நிமிடம் இசை கேட்டேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு, நான் பிளாரன்ஸ் விடுதிக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, காலை ரயிலுக்கான சீட்டு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. ‘இனிய பயணம்’ என்ற வாழ்த்தோடு!

அந்தச் சீட்டே மறுநாள் எனக்கு எதிரான ஆதாரமாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “சீட்டு 24 மணி நேரத்துக்குள் வழங்கப்பட்டுவிட்டது, வழங்கப்பட்ட சீட்டுக்குப் பணம் திரும்பாது” என்றார்கள். அபராதத்தைப் பற்றிக் கேட்டால், அது ரயில் நிறுவனம் விதித்தது, அங்கே கேளுங்கள் என்றார்கள். நிலையத்து அலுவலகத்தில் எண் சீட்டு எடுத்து ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். அங்கிருந்த பெண், நாங்கள் விற்காத சீட்டுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம், விற்றவரைக் கேளுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மறுபடி தளத்துக்கே எழுதி, உங்கள் ஆள்தானே வேறெதுவும் செய்ய வேண்டாம் என்று சொன்னார் என்று கேட்டேன். “அப்படியொரு உரையாடலுக்கான பதிவு எங்களிடம் இல்லை” என்று ஒரு வரி. கடைசியாக நேற்று, நல்லெண்ண அடிப்படையில் அடுத்த முன்பதிவுக்கு 5 யூரோ தள்ளுபடிச் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். 106 யூரோவைத் தொலைத்தவளுக்கு, மறுபடி அவர்களிடமே வந்து ஏமாற 5 யூரோ! அட்டை வழங்கிய வங்கி முறையீட்டை எடுத்துக்கொண்டது, ஆனால் முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவும் 46 யூரோவுக்கு மட்டுந்தான், அபராதத்துக்கு வழியே இல்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன்; ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் முடிந்தவரை சொல்லிவிடுகிறேன். வட்டார ரயில் சீட்டை நிலையத்து இயந்திரத்திலோ ரயில் நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ வாங்குங்கள், முன்கூட்டி வாங்குவதால் ஒரு சென்ட்கூட மிச்சமாகாது. காகிதச் சீட்டென்றால் ஏறுவதற்குமுன் முத்திரை குத்துங்கள்; கைப்பேசிச் சீட்டென்றால் ஏறுமுன் அதில் ஏதும் செய்ய வேண்டுமா என்று செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உரையாடல் பெட்டியில் எது பேசினாலும் திரையைப் படம்பிடித்து வையுங்கள். கடைசிப் பக்கம்வரை படியுங்கள். இயந்திரத்தின் அருகே வலிய வந்து உதவுபவரிடமும் எச்சரிக்கை, ஆனால் எனக்கு அவர்களால் ஒன்றும் நேரவில்லை.

வங்கியிலிருந்து பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன். பிராட்டோவில் வண்டி மாறிப் பொலோஞாவுக்குப் போகிறேன். சீட்டை இயந்திரத்தில் எடுத்தேன், இரண்டு முறை சரிபார்த்து முத்திரையும் குத்திவிட்டேன்.