சொல்வதா, பொறுப்பதா, சொல்லாமலே இருப்பதா: இருபாலீர்ப்பும் பெற்றோரும்

இருபாலீர்ப்பு, அதாவது ஆண், பெண் இருபாலரிடமும் ஈர்ப்பு, உடைய ஒருவர் அதைத் தாயிடமோ தந்தையிடமோ சொல்லலாமா என்று யோசிக்கும்போது, அந்தக் கேள்வி பெரும்பாலும் உண்மைக்கும் ஒளிவுமறைவுக்கும் இடையிலான போட்டியாகவே அவர் முன் வைக்கப்படுகிறது. அப்படி வைத்துவிட்டால் விடை முன்கூட்டியே முடிவாகிவிடும். உண்மைக்கு எதிராக யார்தான் பேசுவார்கள்? நடைமுறையில் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்பவை வேறு: இப்போதே சொல்வது, தன் காலில் நின்ற பிறகு சொல்வது, சொல்லாமலே வாழ்வது. இந்த மூன்று வழிகளும் எல்லோருக்கும் எந்நேரமும் திறந்திருப்பதில்லை.

தன்பாலீர்ப்பாளர்களை, அதாவது தம் பாலினத்தவரிடம் மட்டும் ஈர்ப்பு உடையவர்களை, மனத்தில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரைகள் இங்கே பாதிவரைதான் உதவும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2013இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், தம் வாழ்வின் முக்கியமான மனிதர்களில் எல்லோருக்கும் அல்லது பெரும்பாலோருக்கும் தம் பாலீர்ப்பு தெரியும் என்று சொன்னவர்கள் தன்பாலீர்ப்பு ஆண்களில் 77 விழுக்காடு, தன்பாலீர்ப்புப் பெண்களில் 71 விழுக்காடு. இருபாலீர்ப்பாளர்களில் 28 விழுக்காடு மட்டுமே. இந்த இடைவெளியை அச்சத்தின் அளவாக மட்டும் எடுத்துக்கொள்வது சரியல்ல என்பது என் எண்ணம். எதிர்பாலினத் துணையோடு வாழும் இருபாலீர்ப்பாளரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பெற்றோரின் பழைய அனுமானம் அப்படியே தொடரும், அதைக் காப்பாற்ற அவர் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லியே தீரவேண்டிய நாள் என்று ஒன்று வராமலே காலம் போய்விடலாம் என்பதுதான் இந்த முடிவை எளிதாக்குவது போலத் தோன்றி, உண்மையில் கடினமாக்குகிறது.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன், முதல் வழியை நீக்கிவிட வேண்டிய நிலையில் இருக்கிறோமா என்று பார்த்துவிடுவது நல்லது. இருக்கும் வீடும் படிப்புச் செலவும் பெற்றோர் கையில் இருந்து, அவர்கள் கை ஓங்கக்கூடியவர்களாகவோ வீட்டை விட்டு அனுப்பக்கூடியவர்களாகவோ இருந்தால், அங்கே ஒப்பீட்டுக்கு இடமே இல்லை, இப்போது சொல்லாமல் காத்திருப்பதுதான் வழி. கெய்ட்லின் ரயனும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வளரிளம் பருவத்தில் குடும்பத்தின் நிராகரிப்பை மிகுதியாகச் சந்தித்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞர்கள், அதைச் சந்திக்காத அல்லது குறைவாகவே சந்தித்தவர்களைக் காட்டிலும் தற்கொலைக்கு முயன்றதாகத் தெரிவித்தது 8.4 மடங்கு அதிகமாக இருந்தது. இத்தகைய வீட்டில் இருக்கும் ஒருவரிடம் போய் உண்மையின் பெருமையைப் பேசுவது, விலையைத் தான் கொடுக்க வேண்டியிராதவரின் வீரமாகவே இருக்கும்.

பெற்றோரின் மனநிலையை முன்கூட்டியே அறிய, செய்தியில் வரும் யாரையேனும் பற்றிப் பேச்சைத் தொடங்கி அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கும் உத்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. அது பயனுள்ளதுதான், ஆனால் அதன்மீது முழு எடையையும் வைக்கக் கூடாது. ஊரார் பிள்ளையிடம் பெருந்தன்மை காட்டுபவர் தன் பிள்ளை என்று வரும்போது உடைந்துபோவதும் உண்டு. கேலியாகப் பேசிவந்தவர் தன் பிள்ளைக்காக ஒரே நாளில் பேச்சை மாற்றிக்கொள்வதும் உண்டு.

இனி, நெருக்கடி இல்லாதவருக்கான ஒப்பீடு. சொல்லாமலே இருப்பதற்கு ஆதரவான வாதங்களில் வலுவானது, 'சொல்லி என்ன ஆகப்போகிறது?' என்பது. எதிர்பாலினத்தவரை மணந்து, அந்த உறவில் நிறைவாக இருப்பவர், நடக்காத ஒன்றுக்காகப் பெற்றோரை ஏன் கலங்கச் செய்ய வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு, மறைத்து வாழ்வது மனத்தைத் தின்னும் என்பது. சிறுபான்மையினராக இருப்பதாலேயே ஒருவர்மேல் கூடுதல் அழுத்தம் விழுகிறது என்று ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் விரித்துரைத்த சிறுபான்மை மன அழுத்தக் கோட்பாடும், தன்னை மறைத்துக்கொள்வதையே ஓர் அழுத்தக் காரணியாகக் கணக்கில் கொள்கிறது. ஆனால் மறைப்பின் சுமை எல்லோருக்கும் ஒரே அளவினது அல்ல. வாழ்க்கைத் துணைக்கும் உடன்பிறந்தவருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் தெரிந்திருந்து, பெற்றோருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது ஒரு நிலை. உலகில் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது முற்றிலும் வேறு நிலை. முதல் நிலையில் இருப்பவர், பெற்றோரோடு ஏற்கெனவே நலம் விசாரிப்போடு பேச்சை முடித்துக்கொள்பவராகவும் இருந்தால், சொல்லாமல் இருப்பது அவருக்கு முழுமையான, மதிப்பான ஒரு முடிவு. அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. மாறாக, வாரத்துக்குப் பலமுறை மனம்விட்டுப் பேசும் தாயிடம், பழைய காதலியைத் தோழி என்று மாற்றிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வாக்கியத்தைத் திருத்தி அனுப்பும் மகள் அந்த நெருக்கத்தையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மௌனம் மலிவான வழியல்ல.

'படுக்கையறை விஷயத்தைப் பெற்றோரிடம் ஏன் பேச வேண்டும்?' என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. தான் விரும்பிய பெண்ணைப் பற்றித் தந்தையிடம் சொல்லும் மகனை யாரும் படுக்கையறையைப் பற்றிப் பேசியதாகக் குற்றம் சாட்டுவதில்லை.

சொல்வது என்று முடிவெடுத்தவருக்கு அடுத்த ஒப்பீடு காத்திருக்கிறது: தனித்திருக்கும்போது சொல்வதா, துணை ஒருவர் இருக்கும்போது சொல்வதா? இருபாலீர்ப்பைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்குமான வேறுபாடு மிகப் பெரியது. தன்பாலீர்ப்பாளர் சொல்லும்போது பெற்றோர் பெரும்பாலும் ஓர் இழப்பைக் கேட்கிறார்கள்; இருபாலீர்ப்பாளர் சொல்லும்போது அவர்கள் கேட்பது ஒரு பேரத்தை. 'இருவரையும் பிடிக்கும் என்றால், எங்களுக்குத் தொல்லையில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்' என்ற வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும் என்று எதிர்பார்ப்பது நல்லது. தன் பாலினத்தைச் சேர்ந்த துணை ஒருவர் இருக்கும்போது சொன்னால், பேச்சு வெறும் கருத்தாக மிதக்காமல் உடனே பொருள் பெறும். ஆனால் அந்தத் துணையே குற்றவாளியாகிவிடுவார். அவர்தான் பிள்ளையை மாற்றிவிட்டார் என்ற கதை உருவாகும், அந்தக் கதையைப் பிறகு கலைப்பது கடினம். மேலும், பெற்றோர் அதைத் தன்பாலீர்ப்பாகவே புரிந்துகொள்வார்கள். பின்னொரு நாள் எதிர்பாலினத்தவர் ஒருவரோடு உறவு அமைந்தால், எல்லாம் சரியாகிவிட்டது என்று மகிழ்வார்கள். எதிர்பாலினத் துணை இருக்கும்போது சொன்னாலோ, அதிர்ச்சியைவிட நிம்மதியே மேலோங்கி, சொன்ன செய்தி சில வாரங்களிலேயே காதில் விழாதது போல் ஆகிவிடும்.

தனித்திருக்கும்போது சொல்வதன் குறை, அது கடந்துபோகும் கட்டமாகக் கருதப்படும் என்பதுதான். அந்தக் குறையோடு சேர்த்தே நான் அதைத் தேர்வேன். காப்பாற்ற வேண்டிய மூன்றாம் மனிதர் யாரும் அறையில் இல்லை, திருமணத் தேதி நெருக்கவில்லை, பெற்றோர் பழகிக்கொள்வதற்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. பேரத்துக்கான பதிலையும் அப்போதுதான் அமைதியாகச் சொல்ல முடியும்: ஈர்ப்பு என்பது ஒன்று, யாரோடு வாழ்கிறோம் என்பது மற்றொன்று, முதலாவது தேர்வு அல்ல, இரண்டாவதும் பாலினத்தைப் பார்த்து எடுக்கும் தேர்வு அல்ல, மனிதரைப் பார்த்து எடுப்பது. இது புதிதாகக் கண்டுபிடித்த விளக்கமும் அல்ல. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி 1948இல் வெளியிட்ட ஆய்விலேயே ஈர்ப்பும் அனுபவமும் இரண்டு பெட்டிகளாக இல்லாமல் 0 (முழுக்க எதிர்பாலினத்தை நோக்கியது) முதல் 6 (முழுக்கத் தன்பாலினத்தை நோக்கியது) வரையிலான அளவுகோலாக வைக்கப்பட்டன. 1978இல் மனநல மருத்துவர் ஃபிரிட்ஸ் கிளைன் ஈர்ப்பு, நடத்தை, கற்பனை, உணர்வு நெருக்கம், தன்னை எப்படி அடையாளப்படுத்துகிறோம் என்பன போன்றவற்றைத் தனித்தனியே பிரித்து, கடந்த காலம், நிகழ்காலம், விரும்பும் நிலை என மூன்று காலங்களிலும் பார்க்கச் சொன்னார். பெற்றோருக்கு இந்தப் பெயர்கள் தேவைப்படாது. ஆனால் சொல்பவருக்கு இந்தப் பிரிவினை தெளிவாக இருந்தால் விளக்கம் தடுமாறாது. இரு பாலினத்தவரிடமும் ஈர்ப்பு என்றால் ஒரே நேரத்தில் இருவர் வேண்டும் என்று பொருளா என்ற கேள்வியும் வரும். ஒருவரோடு வாழ உறுதி கொடுத்த பிறகும் பிறர்மீது ஈர்ப்பு தோன்றாத மனிதர் எந்தப் பாலீர்ப்பிலும் அரிது, உறுதியைக் காப்பது வேறு திறன் என்பதே அதற்கான நேரான விடை.

பெற்றோர் இருவரில் ஒருவரிடம் மட்டும் முதலில் சொல்வது இடைப்பட்ட வழி. அதே பியூ கணக்கெடுப்பில் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினர் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில், தாயிடம் சொல்லியிருந்தவர்கள் 56 விழுக்காடு, தந்தையிடம் சொல்லியிருந்தவர்கள் 39 விழுக்காடு. சாய்வு புரியக்கூடியதே. ஆனால் தாயிடம் சொல்லி, தந்தையிடம் சொல்லாதே என்று கேட்பது, நம் மூட்டையை அவர் தோளுக்கு மாற்றுவதாகும்; அவர் எத்தனை நாள் சுமக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசியாக வேண்டும். உடன்பிறந்தவரிடம் முதலில் சொல்வது இதைவிட எளிது, கசியும் வாய்ப்பும் அதிகம். கடிதமா நேர்ப்பேச்சா என்பதில் எனக்குக் கடிதமே மேலாகத் தெரிகிறது: பெற்றோரின் முதல் முகமாற்றத்தைப் பிள்ளை பார்க்க நேர்வதில்லை. அது பிறர் கைக்குப் போகக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்து எழுதினால் போதும்.

சொல்லாமலே இருக்க முடிவு செய்தவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. நண்பர்கள், முன்னாள் துணைகள், சமூக ஊடகப் பதிவுகள் வழியாகப் பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், மௌனம் இனி அவர் கட்டுப்பாட்டில் இல்லை. அப்போது ஒப்பிட வேண்டியவை சொல்வதும் சொல்லாமையும் அல்ல. பிள்ளையிடமிருந்து கேட்பதும் உறவினரிடமிருந்து கேட்பதும். இரண்டாவதில் பெற்றோரின் கோபம் பாலீர்ப்பின்மீது மட்டும் இருக்காது, கடைசியாகத் தெரிந்துகொண்டவர் தாம் என்ற அவமானமும் அதில் கலந்திருக்கும்.

இப்போதே சொல்பவர் மருத்துவரிடம் போகலாம் என்ற பேச்சுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து அது 1990இல் நீங்கியது. பாலீர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலன் தருவதற்குப் போதிய சான்று இல்லை, தீங்குக்கு இடமுண்டு என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2009இல் அறிக்கை தந்தது. இவற்றை வாதாடுவதற்காக அல்லாமல், பெற்றோர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதற்காக வைத்துக்கொள்ளலாம்.

பொறுத்திருந்து சொல்வேன் என்பவர், 'என்றாவது' என்று விடாமல், நிறைவேறினால் தெரியக்கூடிய நிபந்தனையாக அதை எழுதி வைப்பது நல்லது: சொந்த வருமானம் வந்து, சில மாத வாடகை கையில் சேர்ந்து, அன்று இரவே போய்த் தங்க ஓர் இடமும் உறுதியான பிறகு. இவற்றில் எதுவும் நிறைவேறாதவரை சொல்லாததற்காகத் தன்னைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. எல்லாம் நிறைவேறிய பிறகும் வாய் வரவில்லை என்றால், தடை வீட்டு நிலைமையா, அல்லது மூன்றாம் வழியையே மனம் ஏற்கெனவே தேர்ந்துவிட்டதா என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.