சான்சிபாரா, டியானியா? ஓதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரை விடுமுறை என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் கடைசிவரை போட்டியில் நிற்கும். ஒன்று தான்சானியாவின் சான்சிபார். மற்றொன்று கென்யாவில், மொம்பாசாவுக்குத் தெற்கே இருக்கும் டியானி. இரண்டிலும் மாவு போன்ற வெண்மணல், இரண்டிலும் தென்னை, இரண்டிலும் அதே இந்தியப் பெருங்கடல். புகைப்படங்களை அடுக்கி வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கப் பார்த்தால் முடிவுக்கே வர முடியாது. விடுதியின் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பாருங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

இந்தக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் பெரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டத்தின் வித்தியாசம் ஏறக்குறைய நான்கு மீட்டரைத் தொடும். கடல் நாளுக்கு இரண்டு முறை உள்வாங்கி இரண்டு முறை நிறைகிறது. அந்த நேரம் தினமும் முக்கால் மணிக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போகிறது. சான்சிபாரின் கிழக்குக் கரையில் இருக்கும் பாஜே, ஜம்பியானி, ப்வெஜூ ஊர்களில் கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவே ஆழமில்லாத தளம் விரிந்து கிடக்கிறது. நீர் வடியும்போது அந்தத் தளம் முழுவதும் வெளியே தெரியும். நீந்த வேண்டுமானால் தண்ணீரைத் தேடி அரை கிலோமீட்டர், சில நாட்களில் அதற்கும் மேல் நடக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே தெரியாமல் வந்தவர்கள் பணம் வீணாகிவிட்டதாக வருந்துவது இங்கேதான்.

ஆனால் தெரிந்து வருபவர்களுக்குக் கிழக்குக் கரையின் அழகே அந்த வடிநீர் நேரம்தான். சேலையைப் போன்ற வண்ணக் காங்காத் துணியை இடுப்பில் சுற்றிய பெண்கள் கணுக்கால் தண்ணீரில் இறங்குவார்கள். மணலில் அடித்த சிறு குச்சிகளுக்கு நடுவே கயிறு ஓடும். அந்தக் கயிற்றில் கடற்பாசித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து முடிந்துகொண்டே போவார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் மூங்கில் மிதவைகளில் பாசி வளர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்து உறவைப் பார்ப்பதாக இருக்கும். வேலை நடக்கும் வரிசைகளுக்குள் படம் எடுக்க மிதித்துப் போகாதீர்கள். அது அவர்களுடைய வயல்.

நாள் முழுவதும் நீந்த வேண்டும், குழந்தைகள் தண்ணீரை விட்டு வெளியே வர மறுப்பார்கள் என்றால் தீவின் வடமுனைக்குப் போங்கள். நுங்வியிலும் அதை அடுத்த கெண்ட்வாவிலும் கரை சட்டென்று ஆழமாவதால் வடிநீரிலும் நீந்தலாம். இரண்டும் மேற்கைப் பார்த்தவை என்பதால் சூரியன் கடலில் விழுவதையும் காணலாம். இதற்கு விலையும் உண்டு. அறை வாடகை கூடுதல், கூட்டம் கூடுதல், மாலையில் இசையின் இரைச்சலும் கூடுதல். நுங்வியில் மரப்படகு கட்டும் தச்சர்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு நடை போய்வருவதை ஆமைக் குளத்தில் நீந்துவதை விட நூறு மடங்கு மேலாக நினைக்கிறேன். அடைத்து வைத்த ஆமைகளோடு பணம் கொடுத்து நீந்துவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

நீந்தும் வசதியில் டியானி சான்சிபாரின் கிழக்குக் கரைக்கும் வடமுனைக்கும் நடுவில் நிற்கிறது. அங்கும் பவளத்திட்டு உண்டு, அங்கும் கடல் உள்வாங்கும். ஆனால் மணல் நீளமானது, அகலமானது, இடையூறில்லாமல் பல கிலோமீட்டர் நடக்கலாம். வடிநீரில் திட்டுவரை நடந்துபோய்ப் பாறைக் குழிகளில் நட்சத்திர மீனையும் சிறு மீன்களையும் பார்க்கலாம். காலில் ரப்பர் செருப்பு கட்டாயம். கடல் முள்ளெலியின் முள் குத்தினால் விடுமுறையின் பாதி போய்விடும்.

தேதி குறிப்பதற்கு நம் வீட்டு நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இக்கரையில் காலை பத்து மணியை ஒட்டிக் கடல் வெகுதூரம் போயிருக்கும். மாலை நான்கு மணிவாக்கில் நிறைந்து கரையைத் தொடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு, நிறைநீர் காலையிலேயே வந்துவிடும். நீந்துவதற்காகவே போகிறவர்கள் அஷ்டமியை நடுவில் வைத்து வாரத்தைத் திட்டமிடட்டும். பாசிப் பெண்களையும் பாறைக் குழிகளையும் பார்க்க விரும்புகிறவர்கள் பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து கஸ்காஸி வீசுகிறது. வெயிலும் வெப்பமும் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து குஸி. வானம் தெளிவு, வெப்பம் குறைவு. குஸிக் காலத்தில் பாஜே நேராகக் காற்றின் முகத்தில் இருக்கிறது. பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற கைட்சர்ஃபிங் பிரியர்கள் அதற்காகவே அங்கே குவிகிறார்கள். அமைதியான நீர் தேடுபவர்களுக்கு அது பொருந்தாது, நுங்வியே சரி. ஏப்ரல், மே மாதங்களின் பெருமழையில் இரு இடங்களையும் விட்டுவிடலாம். நவம்பர் மழை விட்டுவிட்டுப் பெய்வது. விலை குறைவாகக் கிடைத்தால் துணிந்து போகலாம்.

நகரம் என்ற ஒன்றில் சான்சிபாருக்கு நிகரில்லை. அதன் பழைய நகரமான ஸ்டோன் டவுன் 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பவளக்கல் வீடுகள், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், பித்தளைக் குமிழ் பதித்த கனத்த மரக்கதவுகள். அந்தக் கதவுகளில் குஜராத்தி வணிகர்களின் கைவண்ணமும் ஓமானியரின் ரசனையும் அருகருகே தெரியும். அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இன்று ஆங்கிலிகன் தேவாலயம் நிற்கிறது. சுல்தான் பர்காஷ் பிரிட்டனின் நெருக்கடியில் 1873-இல் அந்தச் சந்தையை மூடினார். தேவாலய முற்றத்துக் குழியில் கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் சிலைகளைப் பார்க்காமல் இந்தத் தீவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கிராம்பும் தந்தமும் விற்றுச் செல்வம் சேர்த்த அதே துறைமுகம்தான் மனிதர்களையும் விற்றது. நேராகக் கடற்கரை விடுதிக்குப் போய் நேராக விமான நிலையத்துக்குத் திரும்புகிற பயணத் திட்டங்கள் இதை மறைத்துவிடுகின்றன. குறைந்தது ஓர் இரவாவது நகரில் தங்குங்கள்.

அங்கே மாலையில் உரோஜோ சாப்பிடுங்கள். மஞ்சள் நிறத்தில் மாங்காய்ப் புளிப்பேறிய கெட்டியான குழம்பு. அதில் அவித்த உருளைக்கிழங்கு, பஜியா, மேலே நொறுக்கிய மரவள்ளி வறுவல், காரச் சட்னி. இறைச்சித் துண்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சைவர்களுக்கும் வயிறு நிறையும். நகரத்தில் தோளும் முழங்காலும் மூடிய உடை உடுத்துவது மரியாதை. ரமலான் மாதத்தில் பகலில் தெருவில் சாப்பிடக் கூடாது.

கென்யப் பக்கம் மொம்பாசாவில் போர்த்துகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய ஜீசஸ் கோட்டை இருக்கிறது. ஆனால் டியானியிலிருந்து ஒரு பகல் செலவிட்டுப் போய்வர வேண்டிய இடம் அது. காலையில் தேங்காய்ப்பாலில் வெந்த துவரையும் எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டியான மஹம்ரியும் சுடச்சுடக் கிடைக்கும் கடை கண்ணில் பட்டால் விடுதிச் சிற்றுண்டியை மறந்துவிடுங்கள்.

விலங்குகள் என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. டியானியில் காலையில் கிளம்பினால் அன்றைக்கே ட்சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவில் செம்மண் பூசிய யானைகளைப் பார்க்கலாம்; ஓர் இரவு தங்கினால் நிறைவு. அருகே ஷிம்பா மலையில் சேபிள் மான்கள் உண்டு. கென்யாவில் அவை வேறெங்கும் இல்லை. ஊருக்குள்ளேயே கறுப்பு வெள்ளைக் கொலபஸ் குரங்குகள் சாலையைத் தாண்டுவதற்குக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். டால்பின் பார்க்கக் கிசிட்டே கடல் பூங்காவுக்குப் போங்கள். சான்சிபாரில் ஜோசானி காட்டின் செங்கொலபஸ் அற்புதமானது, உலகில் அந்தத் தீவுக்கூட்டத்துக்கே உரியது. ஆனால் யானையும் சிங்கமும் வேண்டுமானால் அங்கிருந்து சிறு விமானத்தில் தான்சானியப் பெருநிலத்துக்குப் பறக்க வேண்டும், செலவு கூடிவிடும். சான்சிபாரின் தென்கோடியில் இருக்கும் கிசிம்காசியில் டால்பின்களைப் படகுகள் சூழ்ந்து விரட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆக, முதல்முறை போகிறவர்கள், வரலாற்றிலும் சாப்பாட்டிலும் ஆர்வம் உள்ளவர்கள் சான்சிபார் போகட்டும்: நகரில் ஒன்றிரண்டு இரவு, மீதி நாட்கள் நுங்வியிலோ பாஜேயிலோ. இரண்டு கரைகளுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். காட்டையும் கடலையும் ஒரே வாரத்தில், பெரும்பாலும் சாலை வழியாகவே முடிக்க விரும்பும் குடும்பங்களுக்கு டியானிதான். நைரோபியிலிருந்து டியானியை ஒட்டிய உகுண்டா விமான நிலையத்துக்குச் சிறு விமானம் உண்டு. 2017 முதல் ஓடும் மதராக்கா எக்ஸ்பிரஸ் ரயிலில் மொம்பாசா வந்து அங்கிருந்து காரிலும் போகலாம்.

காகித வேலையைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். தான்சானிய விசா இந்தியர்களுக்கு 50 டாலர். அதற்கு மேல், 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபாருக்கு வரும் பெரியவர் ஒவ்வொருவரும் 44 டாலர் கொடுத்து அங்குள்ள அரசுக் காப்பீட்டை வாங்க வேண்டும். ஊரில் எடுத்த பயணக் காப்பீடு அதற்கு ஈடாகாது. கென்யாவுக்கு மின்னணுப் பயண அனுமதி, 30 டாலர் அளவில். கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கான பொது விசா தான்சானியாவுக்குச் செல்லாது. இரு நாடுகளிலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. பெட்டி கட்டும்போதே துணிப்பைக்கு மாறிவிடுங்கள்.

கென்யா போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. இந்தியா திரும்பும்போது கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தவும் கூடும். கென்யாவை முடித்துச் சான்சிபாருக்குத் தாவுகிறவர்களிடம் அங்கேயும் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால், ஊசிக்கான நாளை முடிவு செய்துகொண்டு அதன்பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.