லோரி மாறும், எண் மாறாது

போன மாதம் ஒரு சாயங்கால இடியில் என் எடைத் திரைப் பெட்டியின் பவர் சப்ளை போய்விட்டது. புதிதாக ஒன்றை மாட்டப் பெட்டியைத் திறந்து படம் எடுத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு ஈப்போ தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, அந்த ரெண்டு கோர் போர்டு இன்னும் ஓடுதா? என் பம்பு வேலைக்கு நானும் ஒண்ணு வாங்கட்டுமா?"

ஓடுகிறது. சுங்கை சிப்புட்டில், செம்பனைக் குலை லோரிகளை நிறுக்கும் எடைமேடை ஓரத்தில் மூன்று வருடமாக. காசுக்கணக்கு முத்திரை வைத்த எடைக்காட்டியில்தான். போர்டின் சில்லில் கோர் எனும் கணக்கிடும் மூளை இரண்டு: எம்4, எம்7. எடைக்காட்டியிலிருந்து சீரியல் கம்பி வழியாக வரும் எண்ணை எம்4 வாங்கி, இரண்டுக்கும் பொதுவான நினைவகத்தில் வைக்கும். 480 மெகாஹெர்ட்ஸ் எம்7 அதை எடுத்துப் பெரிய திரையில் காட்டும். வெயில், தூசி, எதற்கும் அசரவில்லை. பவர் சப்ளை போன அந்தத் தடவை தவிர ஒரு நாளும் நின்றதில்லை.

ஆனால் முதல் இரண்டு மாதம் அது என்னைத் தூங்க விடவில்லை. லோரி மாறும், எண் மாறாது. விடியலில் குலை வெட்டி ஏற்றிவந்த மனிதர், முந்தின லோரியின் எடையைத் தன் எடை என்று பார்த்துத் திகைப்பார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

காரணம் கேச், அதாவது நினைவகத்தில் உள்ளதைக் கோர் வேகத்துக்காகத் தன் பக்கத்திலேயே நகலெடுத்து வைக்கும் இடம். எம்7-க்குத் தரவுக் கேச் உண்டு, எம்4-க்கு இல்லை. எம்4 புது எண்ணை நினைவகத்தில் எழுதினாலும், எம்7 தன் கேச்சில் இருக்கும் பழைய நகலையே படித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் வன்பொருள் இந்தச் சில்லில் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் படி என்று சொல்லும் 'வோலட்டைல்' சொல்லை நிரலில் போட்டேன், அது நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், கேச்சை அல்ல. கண்டுபிடிக்க, நிரலை வரிக்கு வரி மதிப்பை அச்சிடச் சொன்னால் பிழை ஒளிந்துகொள்ளும். அச்சிடும் வேலை வேறு தரவை ஏற்றிப் பழைய நகலை வெளியே தள்ளிவிடும்!

படிக்கும் முன் கேச் நகலைச் செல்லாததாக்கினேன். எடை சரியானது, ஆனால் எம்7 எண்ணி வைத்த லோரிக் கணக்கு குறைவாக வந்தது. கேச் ஒரே மூச்சில் கையாளும் துண்டு, அதாவது கேச் வரி, 32 பைட். என் எடைத் தரவு 20 பைட். மிச்ச இடத்தில் எம்7-இன் அந்த லோரிக் கணக்கு உட்கார்ந்திருந்தது. நினைவகத்துக்குப் போகாத அந்தக் கணக்கையும் சேர்த்து அழித்திருக்கிறேன். போர்டுடன் வந்த மாதிரி நிரலில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

கடைசியில், நினைவகத்தின் எந்தப் பகுதியை எப்படிக் கையாள வேண்டும் என்று விதிக்கும் எம்பியு வழியாக, பொது நினைவகம் இருக்கும் 64 கிலோபைட் பகுதியையே கேச் செய்யாத இடமாக அறிவித்தேன். தரவை எழுதியபின், 'புது எண் தயார்' என்ற கொடியை ஏற்றும் முன், அந்த வரிசை மாறாமல் காக்கும் டிஎம்பி என்ற தடுப்புக் கட்டளை ஒன்று. சில பைட் எடைக்கு வேக இழப்பு தெரியவே இல்லை. அதன்பின் ஒரு தப்பு எண்கூட வரவில்லை.

இவ்வளவு நல்ல போர்டுதான். ஆனாலும் நீ வாங்காதே, தம்பி. நீ சொன்ன பம்பு வேலைக்கு ஒரு கோர் தாராளம். வாங்கித்தான் தீருவாய் என்றால், முதல் நாளே எம்பியு அமைப்பை எழுதிவிடு. திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.